விரிவுரையாளர்களை ஆய்வறிவைப் பகிர வைப்பது எது? மல்லாவியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

மல்லாவிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவர் எழுதியதன் சுருக்கம் இதுதான்: சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் மாணவர்களோடு ஊருக்கு வந்தார். வயல் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் எடுத்தார்கள், வீடு வீடாக வினாக்கொத்து நிரப்பினார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வேறொரு விரிவுரையாளர் தன் கைபேசி இலக்கத்தையே கொடுத்திருக்கிறார். கச்சான் இலையில் புள்ளி விழுந்தால் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறார், இரவு பத்து மணிக்கும் பதில் போடுகிறார். "இரண்டு பேரும் ஒரே சம்பளக்காரர்கள்தானே? ஒருவரைப் பகிர வைப்பது எது? காசா, பதவியா, குணமா?"

மேலே பார்த்தால் இது ஊக்கத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் உள்ளே இருக்கும் மனக்குறை வேறு: எங்களிடமிருந்து கொண்டுபோனது ஏன் எங்களிடம் திரும்பி வரவில்லை? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவதும் பாதி விளங்கிவிடும். நான் விவசாய விரிவாக்கம், அதாவது ஆய்வு முடிவைக் கமக்காரரிடம் கொண்டுசேர்க்கும் துறை, படித்தவன். வன்னியில் பல ஆண்டுகளாக அதையே படிப்பித்தும் வருகிறேன். ஆகவே கேள்வியில் வரும் இரண்டு விரிவுரையாளர்களையும் எனக்கு நன்றாகவே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் நானே முதலாமவர், சில நாட்களில் இரண்டாமவர்.

முதலில் ஒன்று. உங்கள் ஊர் மண்ணை எடுத்துப் போனவர் தான் கண்டறிந்ததை ஒளித்து வைத்திருப்பார் என்று நினைக்காதீர்கள். அநேகமாக அவர் அதைப் பகிர்ந்துவிட்டார். ஒரு மாநாட்டில் வாசித்திருப்பார், ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பியிருப்பார், மாணவரின் ஆய்வறிக்கை கட்டுப்போட்டு நூலகத்தில் இருக்கும். உங்களுக்கு வரவில்லை என்பதுதான் குறை. பல்கலைக்கழகக்காரருக்குப் பகிர்வது தொழிலோடு ஊறிப்போன பழக்கம். ஆனால் அந்தப் பழக்கம் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தத் திசை நேற்று வந்ததல்ல. 1665-இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பேர்க், றோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் செயலாளராக இருந்தபோது, 'பிலோசொபிக்கல் ட்ரான்சக்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அதற்கு முன்பு கண்டுபிடிப்பாளர்கள் பலர் தங்கள் முடிவைப் பூட்டி வைப்பார்கள், இல்லாவிட்டால் எழுத்துகளை மாற்றிப்போட்டுப் புதிராக எழுதி வைப்பார்கள். வேறு யாராவது அதையே கண்டுபிடித்தால், "நான் அப்போதே எழுதிவிட்டேன்" என்று காட்டுவதற்காக. இதழ் வந்த பிறகு முதலில் அச்சில் வெளியிட்டவருக்கே பெயர் என்றாகிவிட்டது. அதாவது ஊருக்குக் கொடுத்தால்தான் உன்னுடையது. சமூகவியலாளர் றொபேர்ட் மேர்ட்டன் 1942-இல் அறிவியலாளர்களின் நெறிகளைப் பற்றி எழுதியபோது, கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவான சொத்து, கண்டவருக்கு மிஞ்சுவது அங்கீகாரமும் மதிப்பும் மட்டுமே என்றார். வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு கணக்கு இல்லை. கடைக்காரர் சரக்கை இலவசமாகக் கொடுத்தால் கடை மூடப்படும். ஆய்வாளர் கொடுக்காமல் வைத்திருந்தால்தான் கடை மூடப்படும்.

ஆனால் அந்த மதிப்பைத் தருகிறவர்கள் யார்? அதே துறையில் இருக்கும் இன்னொருவர். டென்மார்க்கிலோ பேராதனையிலோ இருக்கும் ஒருவர் என் கட்டுரையை மேற்கோள் காட்டினால் எனக்கு அது செய்தியாக வரும். துணுக்காயில் ஒரு கமக்காரர் என் ஆலோசனைப்படி உழுந்து விதைத்து நல்ல விளைச்சல் எடுத்தால் எனக்குத் தெரியவே வராது, அவராகச் சொன்னால் ஒழிய.

இனிப் பதவிக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் அதை நேராகவே கேட்டிருக்கிறீர்கள். இலங்கையில் பேராசிரியராகப் பதவியுயர்வு கேட்பவர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் புள்ளித் திட்டப்படி விண்ணப்பிக்க வேண்டும். அதில் மூன்று பகுதிகள்: கற்பித்தல்; ஆய்வும் ஆக்கமும்; அறிவைப் பரப்புவதும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் செய்த பங்களிப்பும். ஆக, உங்கள் ஊர் வாசிகசாலையில் வந்து பேசுவதற்குத் திட்டத்தில் இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இடம் இருக்கிறது. ஆனால் தூக்கிப் பார்த்தால் ஆய்வுப் பகுதிதான் கனம். அங்கேயும் சர்வதேச அட்டவணைகளில் இடம்பெற்ற ஆய்விதழில் வரும் கட்டுரைக்குத்தான் மவுசு. ஒரு கட்டுரையைத் திருத்தித் திருத்தி அனுப்பும் உழைப்பில் தமிழில் பல துண்டுப்பிரசுரங்கள் எழுதிவிடலாம், கமநல சேவை நிலையங்களில் தொடர்ச்சியாக வகுப்பு நடத்தலாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அந்த வகுப்புகள் ஒரு மூலையில் ஒரு வரியாகத்தான் வரும். இளம் விரிவுரையாளர் ஒருவர், கலாநிதிப் பட்டம் முடித்துக் கடனோடும் குடும்பத்தோடும் வந்தவர், எதை முதலில் எழுதுவார்? அவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் புள்ளியை மாற்றினால் சரியாகிவிடுமா? பிரித்தானியாவில் செய்து பார்த்தார்கள். அங்கே பல்கலைக்கழக ஆய்வைத் தேசிய அளவில் மதிப்பிடும் திட்டத்தில், ஆய்வால் வெளியுலகுக்கு என்ன பயன் என்பதற்கு 2014-இல் 20 வீதம் கொடுத்தார்கள், 2021-இல் அதை 25 வீதமாக்கினார்கள். இதனால் வெளியே போய் வேலை செய்பவர்களுக்கு ஒரு மரியாதை வந்தது என்பது உண்மை. அதோடு, செய்த வேலையை அழகான கதையாக எழுதிக் காட்டுவதே தனித் தொழிலாகிவிட்டது என்ற குறையும் எழுந்தது. எண்ணத் தொடங்கினால் எண்ணப்படுவது பெருகும். பயன் பெருகுமா என்பது வேறு விஷயம். அங்கே அது பெருகியதா என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

காசைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் சுருக்கமானது: காசு சின்னக் காரணம். ஆலிஸ் லாம் என்பவர் 2011-இல் பிரித்தானியப் பல்கலைக்கழக அறிவியலாளர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். கண்டுபிடிப்பை வணிகமாக்கக் கம்பனிகளோடு சேர்ந்து வேலை செய்பவர்களை எது இழுக்கிறது என்பதே கேள்வி. பணம், பெயர், புதிரை அவிழ்க்கும் இன்பம் என மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். பணம் நேரடியாகக் கிடைக்கக்கூடிய அந்த இடத்திலேயே, பணத்துக்காக என்றவர்கள் சிறுபகுதிதான். மற்றவர்களுக்குப் பெயரும் புதிருமே பெரிது. இன்னொன்று: தென் கொரிய நிறுவனங்களின் மேலாளர்களிடம் நடத்தி 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அறிவைப் பகிர்ந்தால் வெகுமதி உண்டு என்ற எதிர்பார்ப்பு பகிரும் மனப்பாங்கைக் குறைத்தது. கூட்டவில்லை. அவர்கள் விரிவுரையாளர்கள் அல்லர், நிறுவனத்தில் வேலை செய்பவர்கள். அதனால் இதை அப்படியே நம் பீடங்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் என் அனுபவம் அதற்கு மாறாக இல்லை. ஒரு வகுப்புக்கு இவ்வளவு என்று தொண்டு நிறுவனம் கொடுப்பனவு வைத்த காலத்தில் வகுப்புகள் நடந்தன. திட்டம் முடிந்ததும் வகுப்பும் முடிந்தது. கொடுப்பனவு இல்லாமலே போய்க்கொண்டிருந்த சிலர் மட்டும் பிறகும் போனார்கள்.

இந்தத் துறை ஆய்வுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக ஆசிரியர்களை அறிவைப் பகிரத் தூண்டுவது எது என்று பல நாடுகளில் வினாக்கொத்து ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அடிக்கடி தலைகாட்டும் விடைகள் இவை: பிறருக்கு உதவுவதில் உள்ள மகிழ்ச்சி, கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை, சக ஊழியர்களிடையே நல்ல பெயர், இதைச் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியும் என்ற தன்னம்பிக்கை. நம்பக்கூடிய விடைகள்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை, "நீங்கள் பகிர்வீர்களா, ஏன் பகிர்வீர்கள்?" என்று அவர்களையே கேட்டு எழுதியவை. காசுக்காகப் பகிர்கிறேன் என்று எந்த ஆசிரியர் எழுதிக் கொடுப்பார்? பகிர நினைப்பதற்கும் பகிர்வதற்கும் நடுவே ஒரு குளக்கட்டளவு தூரம் இருக்கிறது. அதனால் மகிழ்ச்சியே முதல் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. காசு முதல் காரணம் அல்ல என்று மட்டும் சொல்வேன்.

பிறகு எதுதான் காரணம்? எனக்குத் தெரிந்தவரை, தொடர்ந்து பகிர்கிறவர்களிடம் பொதுவாக ஒன்று உண்டு: அவர்களிடம் யாரோ திரும்பி வந்து கேட்கிறார்கள். குணம் என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கட்சி. எப்படி என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் மண்ணியல்காரர் ஒருவர் இருக்கிறார். பூநகரிப் பக்கத்திலிருந்து வயதான ஒரு கமக்காரர், பாதி உரிந்த சிட்டையோடு ஒரு சோடாப் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். கச்சான் போட நினைக்கிறார், தண்ணீர் உப்போ என்று பார்க்க வேண்டும். மண்ணியல்காரர் போத்தலில் இருந்ததைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, மின்கடத்துதிறன் மானியின் முனையை வடிநீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, உள்ளே விட்டார். இலக்கங்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு 2.4-இல் நின்றன. மீற்றருக்கு 2.4 டெசிசீமன்ஸ்; தண்ணீரில் உப்புக் கூடக் கூட இந்த எண்ணும் கூடும். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி, கச்சானுக்குப் பாய்ச்சும் தண்ணீர் 2.1 வரை இருந்தால் விளைச்சல் குறையாது. 2.4 என்றால் பத்தில் ஒரு பங்கு குறையலாம். வெங்காயம் 0.8-ஐத் தாண்டினாலே அடி வாங்கத் தொடங்கும், மிளகாய் 1.0-ஐத் தாண்டினால். இதெல்லாம் தண்ணீருக்கான கணக்கு. மண்ணின் உப்புக்கு வேறு கணக்கு, அங்கே கச்சானுக்கு எல்லை 3.2. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மாணவர்கள் வழக்கமாக விடும் பிழை. அவர் ஒவ்வொன்றாக விளக்கி, "ஐயா, கச்சான் போடலாம், கொஞ்சம் குறையும். வெங்காயத்தை மறந்துவிடுங்கோ" என்றார்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், இது ஆவணியிலை அள்ளின தண்ணி. மாரி கழிஞ்சு தையிலை அள்ளினா உது இப்பிடி இராது. நான் எப்ப கச்சான் போடுறனெண்டு நீங்கள் கேக்கேல்லையே?"

நண்பர் சிரித்துவிட்டார். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டி நிலத்தடி நீரை நிரப்பும். அப்போது உப்பு இறங்கும். வெயில் காலம் நீள நீள ஏறும். பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் அந்தக் கிணறு மாதத்துக்கு மாதம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த இறுதியாண்டு மாணவர் ஆய்வு அதுவாகவே அமைந்தது: சில கிணறுகளை மாதந்தோறும் அளப்பது. பெரியவர் தன் கிணற்றுக்குப் போத்தலைத் தானே நிரப்பிப் பேருந்தில் கொடுத்துவிட்டார். அந்த ஆய்வின் முடிவை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் யாருக்கும் நினைவூட்டத் தேவை இருக்கவில்லை. நண்பர் பகிர்ந்தது தர்மத்துக்கா, கட்டுரைக்கா, ஆர்வத்துக்கா? மூன்றையும் பிரிக்க முடியாது. கொடுக்கும்போதே ஒரு நல்ல கேள்வி கையில் கிடைத்தால் கொடுப்பவர் அடுத்த முறையும் கொடுப்பார். உங்களுக்கு இரவு பத்து மணிக்குப் பதில் போடும் விரிவுரையாளருக்கும் நீங்கள் அனுப்பும் இலைப் படங்கள் ஏதோ ஒரு விதத்தில் உதவுகின்றன என்று நான் பந்தயம் கட்டுவேன். அதில் ஒரு தவறும் இல்லை.

விருப்பம் இருந்தும் வாய் திறக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. முதல் காரணம், முடிவு உறுதியில்லை என்பது. மாணவர் ஆய்வு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு போகம், சில சிறு பாத்திகள். அந்தக் காலபோகத்தில் மழை பிந்தியிருந்தால் முடிவே வேறாக வந்திருக்கும். அதைத் தமிழில் எழுதி ஊருக்குக் கொடுத்தால் "பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது" என்று ஆகிவிடும். ஆய்விதழில் எழுதும்போது இது ஒரு போக முடிவு என்று அடியில் ஒரு வரி போட்டுத் தப்பலாம். தேநீர்க் கடையில் அந்த வரி காணாமல் போய்விடும். எனக்கு இந்தத் தயக்கத்தில் பாதி நியாயமாகத் தெரிகிறது, பாதி சாக்காகத் தெரிகிறது. "இன்னும் ஒரு போகம் பார்க்க வேண்டும், இப்போதைக்கு இதை நம்பி முழு வயலையும் மாற்றாதீர்கள்" என்று சொன்னால் கமக்காரருக்கு விளங்காதா? வானத்தை நம்பி விதைக்கிறவர்களுக்கு நிச்சயமின்மையைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, எல்லை மீறும் அச்சம். எந்த நெல்லினத்துக்கு எவ்வளவு பசளை என்ற அதிகாரபூர்வமான சிபாரிசு விவசாயத் திணைக்களத்தினுடையது. உங்கள் ஊருக்கு வரும் விவசாயப் போதனாசிரியர் அதைத்தான் சொல்வார், சொல்லவும் வேண்டும். நான் என் ஆய்வை வைத்துக்கொண்டு வேறு ஓர் அளவைச் சொன்னால், அடுத்த கூட்டத்தில் அவரும் நானும் முகம் கொடுத்துப் பேச முடியாது. பாதிக்கப்படுவது நடுவில் நிற்கும் கமக்காரர். அதனால் பலர் திணைக்களத்தோடு பேசிச் சேர்ந்து சொல்வோம் என்று காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு சில நேரம் முடிவதே இல்லை.

மூன்றாவது, அரசியல். கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீர்ப் பிரச்சினை ஞாபகம் இருக்கும். ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில், இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே தண்ணீர் காணாதபோது எங்கே கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. கடைசியில் யாழ்ப்பாணத்துக்குத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் குளத்துக்கு வரும் நீர், ஆவியாகும் நீர், வாய்க்காலில் கசியும் நீர் பற்றித் தெரிந்தவர்கள் பல்கலைக்கழகத்திலும் இருந்தார்கள். ஆனால் ஓர் எண்ணைச் சொன்னால் அது உடனே யாழ்ப்பாணத்தாரின் எண்ணாகவோ வன்னியாரின் எண்ணாகவோ ஆகிவிடும். இரு பக்கத்திலும் உறவினர் உள்ள ஒருவர் அதை எப்படிச் சொல்வார்? அறிவு அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் வாய் கட்டிக்கொள்கிறது. அதைத் தனி ஆளின் கோழைத்தனம் என்று முடித்துவிட முடியாது.

இதற்கு எதிர்மாறாக ஒன்றையும் கண்டோம். 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்தபோது, நாட்டின் விவசாயப் பேராசிரியர்களும் நிபுணர்களும் பலர் கூட்டாகக் கையெழுத்திட்டு, விளைச்சல் வீழும் என்று அரசை எச்சரித்தார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது, அதற்குள் நட்டம் நடந்துவிட்டது. அதுவரை பத்திரிகைக்கு ஒரு வரி கொடுக்காதவர்கள் கூட அப்போது பேசினார்கள். எனக்குப் படுவது, தனியாக இல்லை என்ற தைரியம் ஒரு பெரிய ஊக்கம். எந்தப் புள்ளித் திட்டமும் அதைத் தராது.

மொழியை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. விவசாய பீடத்திலும் பொறியியல் பீடத்திலும் நாங்கள் படிப்பிப்பது ஆங்கிலத்தில், எழுதுவது ஆங்கிலத்தில். வீட்டில் தமிழ் பேசும் விரிவுரையாளர் தன் ஆய்வைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பந்தியிலேயே திணறுகிறார். தெரியாததால் அல்ல, பழக்கமில்லாததால். பேசச் சொன்னால் பேசிவிடுவார். ஆகவே எழுதித் தாருங்கள் என்று கேட்காமல் வந்து பேசுங்கள் என்று கேட்டால் ஆம் என்று சொல்பவர்கள் அதிகம்.

வன்னிக்கென்றே ஒரு பாரமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990-இல் கிளிநொச்சியில் தொடங்கிப் போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்பே கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் திரும்பியது. அதே பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. ஆக, ஊருக்கும் பீடத்துக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த பழக்கம் என்று ஒன்று இங்கே இல்லை. கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ பேராசிரியர் யாராவது ஒருவரின் மாமா, மச்சான், பழைய மாணவர். மல்லாவியில் அப்படி எத்தனை பேர்? அதோடு 2009-க்குப் பிறகு படிவம் தூக்கிக்கொண்டு வராதவர்கள் இல்லை: தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டு ஆய்வாளர்கள், எங்கள் மாணவர்கள். ஒரே வீட்டில் ஒரே இழப்பைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். உங்கள் கேள்வியில் இருந்த கோபத்தில் அதுவும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. மருத்துவ ஆய்வில் பங்கெடுத்தவர்களுக்கு, விரும்பினால் முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புத் தர வேண்டும் என்று மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் 2013 வடிவம் சொல்கிறது. மண்ணையும் கிணற்றையும் பற்றிய ஆய்வுக்கு அது நேராகப் பொருந்தாது. ஆனால் நல்ல மேற்பார்வையாளர் அதே மரியாதையை அங்கேயும் காட்டுவார்.

சரி, உங்கள் ஊர் முடிவை எப்படி எடுப்பது? வந்தவர்கள் விட்டுச் சென்ற தகவல் தாள் எங்காவது இருந்தால் அதில் மேற்பார்வையாளரின் பெயரும் துறையும் இருக்கும். இல்லாவிட்டால் எந்த ஆண்டு, எந்தப் போகம் என்பதை மட்டுமாவது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மாணவர் பட்டம் பெற்றுப் போயிருப்பார், மேற்பார்வையாளர் இருப்பார். உங்கள் கமக்காரர் அமைப்பின் பெயரில் துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். "முடிவைத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் ஒரு ஆங்கிலக் கட்டுரையின் பிரதி வரக்கூடும். "எங்கள் இந்தக் கிணறுகளின் அளவு என்ன, அதில் மிளகாய் செய்யலாமா" என்று கேட்டால் விடை வரும். கட்டுரை காசு கட்டி வாசிக்கும் இதழில் வந்திருந்தாலும் கவலை வேண்டாம், எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பிரதியை அனுப்பிவிடுவார். யாரோ வாசிக்கக் கேட்கிறார்கள் என்பதே அவருக்குப் பெரிய சந்தோஷம். இலங்கை ஆய்விதழ்கள் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும், அந்த வழியும் உண்டு. ஆனால் நான் முதலில் அதைக் கையில் எடுக்க மாட்டேன். சட்டம் காட்டி வாங்கினால் கேட்ட தாள் வரும், அதற்கு மேல் ஒரு சொல் வராது.

காலமும் பார்த்துக் கேளுங்கள். பரீட்சைக் காலத்தில் அனுப்பிய கடிதம் மேசைக்கு அடியில் போகும். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆய்வுத் தலைப்பு பிரிக்கும் நேரத்தில் போனால், பழைய முடிவோடு உங்கள் அடுத்த கேள்வியையும் ஒருவர் தலைப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த நேரம் பீடத்துக்குப் பீடம் மாறும். துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் எழுதுவினைஞரே சொல்லிவிடுவார். தண்ணீர் கொண்டுபோவதானால் போத்தலில் எந்த மாதம் அள்ளியது என்று எழுதி ஒட்டிக்கொண்டு போங்கள்.